தொலைந்ததும் கிடைத்ததும் – 11: சிட்னியில் நின்ற விருத்தாசலத்து அர்த்தநாரி

கடலூர் மாவட்டத்தில், 'காசிக்கு வீசம் கூட' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் விருத்தாசலம். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீஸ்வரர் கோயில். படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய் மூலவர் சன்னதியைச் சுற்றி வந்தால், கருவறையின் வெளிச்சுவரில் கோஷ்ட தெய்வங்கள் வரிசையாக நிற்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த சன்னதி இது. அங்கே ஒரு கோஷ்டத்தில் நின்ற அர்த்தநாரீஸ்வரர், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறார் என்பது 2013-இல் வெளியே வந்தது.

அதுவரை ஊரில் யாரும் அவரைத் தேடவில்லை. எனக்கு இந்தக் கதையில் நெஞ்சை அறுப்பது இந்த இடம்தான். கோஷ்டம் காலியாகக் கிடந்திருந்தால் முதல் நாளே கூச்சல் எழுந்திருக்கும். ஆனால் அங்கே புதிதாகச் செய்த அர்த்தநாரி ஒருவர் நின்றிருந்தார். எண்ணெய்க் காப்பு கறுத்து, இடுப்பில் துணி சுற்றி, கழுத்தில் மாலையும் விழுந்துவிட்டால், பழைய கல் எது, புதுக் கல் எது என்று பிரகாரம் சுற்றுகிறவருக்கு எப்படித் தெரியும்? கும்பிட்ட கைகளுக்குக் குறையேதும் இல்லை. ஆயிரம் வருடம் நின்ற சிலை ஒன்று, பறிகொடுத்தவர்களுக்கே தெரியாமல் கடல் கடந்து போயிருந்தது.

சிட்னிக் கலைக்கூடம் 2004-இல் 3,00,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். சிலையோடு காகிதங்களும் வந்தன. 1970-இலேயே டெல்லிக் கடை ஒன்றில் இது விற்பனையானதாகச் சொன்னது ஒரு ரசீது. ஏன் 1970? கலைச்செல்வங்கள் நாடு விட்டு நாடு களவு போவதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை பிறந்த ஆண்டு அது. இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972-இல் வந்தது. அதற்கெல்லாம் முன்பே கைமாறிய பொருள் என்று காட்டிவிட்டால், வாங்குகிற அருங்காட்சியகம் மேற்கொண்டு கேள்வி கேட்காது. அந்த ஆண்டை யோசித்துத்தான் பொறுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கிய சாட்சி, கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில் இருந்தது.

1955-இல் அங்கே தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தமிழகக் கோயில்களைப் படம் எடுக்கத் தொடங்கியது. சிற்ப மரபையும் கோயில் கட்டுமானத்தையும் ஆராய்வதுதான் நோக்கம். திருட்டைப் பற்றிய யோசனையே அப்போது கிடையாது. புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பெரிய கோயில், வௌவால் அடைந்த சின்னக் கோயில் என்ற பேதம் பார்க்காமல், கோஷ்டம் கோஷ்டமாக, தூண் தூணாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஊர்ப் பெயர், தெய்வத்தின் பெயர், எடுத்த காலம் எல்லாம் குறித்து வைத்தார்கள். இன்று அங்கே இருக்கும் படங்கள் 1,50,000-க்கும் மேல். அவற்றில் ஒன்று, 1974-இல் விருத்தாசலத்தில் எடுத்தது. அதில் அர்த்தநாரீஸ்வரர் தன் கோஷ்டத்திலேயே நிற்கிறார்.

1970-இல் டெல்லியில் விற்றுப்போனவர் 1974-இல் விருத்தாசலத்துச் சுவரில் எப்படி நிற்க முடியும்? இந்த ஒரு கேள்விக்குப் பிறகு அந்த ரசீதுக்கு மதிப்பே இல்லாமல் போனது.

படத்தையும் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில், சிங்கப்பூரில் இருந்தபடி சிலைகளைத் தேடிவந்த எஸ். விஜய்குமார் முக்கியமானவர். கற்சிலை ஒப்பீட்டில் அழகு உதவாது. அழகான அர்த்தநாரி சோழ நாட்டில் எத்தனையோ உண்டு. காட்டிக்கொடுப்பவை பழுதுகள்தான். மூக்கு நுனியில் ஒரு சிராய்ப்பு, விண்டுபோன விரல், பீடத்து ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடம் போன்றவை. இரண்டு சிற்பிகள் ஒரே சிலையைச் செய்துவிட முடியும். ஒரே மாதிரி உடைக்க முடியாது.

அதே கோயிலின் பிரத்யங்கிரா சிலையும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. அதே வியாபாரி மூலம் 2005-இல் போயிருந்தது. அதற்கும் புதுச்சேரிப் படமே சாட்சி. ஒரே கோயிலில் இரண்டு சிலைகள்! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து அர்த்தநாரியையும், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். பிரத்யங்கிரா 2016-இல் திரும்பக் கிடைத்தாள். 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்கு, உடையார்பாளையம் வழக்கு ஒன்றில் 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிதம்பரம்தான் ஞாபகத்துக்கு வரும். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்ததாக உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூரில் பிறந்த நம்பியாண்டார் நம்பியோடு சோழ மன்னர் வந்து கேட்கிறார். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாக எழுந்தருளச் செய்து மன்னர் கதவைத் திறக்கவைக்கிறார். உள்ளே ஏடுகளை மூடிப் புற்று வளர்ந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது, செல்லரித்தது போக மிஞ்சியவைதான் நமக்கு வந்தவை. 800 பதிகங்களுக்குச் சற்றுக் குறைவு.

பரம்பரையாகச் சொல்லப்படும் இந்தக் கதைக்குச் சரித்திரம் எழுதிய பின்குறிப்பு ஒன்று உண்டு. திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய் என்று ஒரு சிற்றூர். அந்தத் தலத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகளில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுப் படி எடுக்கப் போனவர்கள், அந்த ஊர்க் கோயில் சுவரிலேயே முழுப் பதிகத்தையும் கண்டார்கள். தன் ஊரைப் பாடிய பாட்டு அழியக்கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ கல்லில் வெட்டுவித்திருக்கிறார். ஏட்டில் போனது கல்லில் கிடைத்தது. விருத்தாசலத்தில் கல்லே போனது, படத்தில் கிடைத்தது. பொருள் இருக்கும் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் அதற்கு ஒரு தடயம் இருந்ததால்தான் இரண்டும் மீண்டன.

தடயமே இல்லாத சிலைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனத்தின் கேமரா எட்டாத கிராமத்துக் கோயில்கள் எத்தனையோ உண்டு. அங்கிருந்து போன சிலை நாளைக்கு ஏதோ ஒரு நாட்டின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாலும், இது எங்கள் ஊருடையது என்று நிரூபிக்க நம் கையில் என்ன இருக்கிறது?

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய கல்யாண ஆல்பம் இருக்கும். கோயிலில் தாலி கட்டிய படம், காதுகுத்து, திருவிழாவில் சுவாமி புறப்பாடு என்று எதுவானாலும் எடுத்துப் பாருங்கள். மணமக்களுக்குப் பின்னால், தாத்தாவின் தோளுக்கு மேலே, ஒரு கோஷ்டமோ உற்சவரோ தெரிந்தால் படத்தின் பின்புறம் கோயில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். நகல் ஒன்று எடுத்துக் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள், இன்னொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)