ராக்கெட் ஊரும் வாசகசாலையும்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தை நேயர்களில் பலர் அறிவார்கள். முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு வேஷம் கட்டி வரும் லட்சக்கணக்கான பக்தர்களால் பெயர் பெற்ற ஊர் அது. 1942-ல் அங்கே உப்பளத்தில் நடந்த சம்பவமும் அதை ஒட்டிய சதி வழக்கும் சுதந்திரப் போர்ச் சரித்திரத்தில் அவ்வூருக்கு ஓர் இடத்தைத் தேடித் தந்தன. இப்பொழுது மூன்றாவதாக ஒரு கீர்த்தி சேர்ந்திருக்கிறது. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, நமது தேசத்தின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட், இலங்கைத் தீவின் மேல் பறக்காதிருக்க வளைந்து போக வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்தோ நேரே தெற்கே விட்டுவிடலாம்; எரிபொருளும் மிச்சம்.

ராக்கெட்டுக்குச் சுற்று வழி வேண்டாம் என்று ஏற்பாடு செய்தாகிவிட்டது. அந்தக் கடற்கரையில் வாழும் பிள்ளைகளின் சுற்று வழி என்ன ஆயிற்று?

மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் மகள் சர்க்கார் உத்தியோகப் பரீட்சை எழுத விரும்புகிறாள் என்று வைத்துக் கொள்வோம். தேர்வாணையத்துக்கு மனுவைக் காகிதத்தில் எழுதி அனுப்புவதற்கில்லை. இன்டர்நெட் மூலமாகவே அனுப்ப வேண்டும். ஆகவே அவள் ஒரு கடையைத் தேடிப் போகிறாள். காசு கொடுக்கிறாள். கடைக்காரர் அவசரமாகத் தட்டுகிறார். பிறந்த தேதியில் ஓர் எண் பிசகினால் அவளுடைய ஒரு வருஷ உழைப்பு வீண்! தன் மனுவைத் தானே உட்கார்ந்து, நிதானமாக நிரப்ப அவளுக்கு ஓர் இடம் வேண்டாமா?

"இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே!" என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஒரே போன். அதுவும் தகப்பனாரோடு கடலுக்குப் போய்விட்டால்? உள்ளங்கை அகலத் திரையில் நீண்ட மனுவை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். சந்தேகம் கேட்டால் போன் பதில் சொல்லலாம். பக்கத்தில் நின்று கைபிடித்துக் கற்றுக் கொடுக்காது. பள்ளிக்கூடத்தில் பாடஞ் சொல்லுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

அந்த இடம் எது என்று வெகுதூரம் தேட வேண்டியதில்லை. சுதந்திர பாரதத்தின் மாகாணங்களுள் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் செய்தது நமது சென்னை மாகாணம்தான். 1948-ல், ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், அச்சட்டம் நிறைவேறியது. அதன் பின்னே நின்றவர் சீர்காழியில் பிறந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னைச் சர்வகலாசாலை நூலகரானவர். 1931-ல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில், வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்பது ஒன்று. நூலகம் வளர்ந்துகொண்டே போக வேண்டுமென்பது மற்றொன்று. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். அதனால்தான் இன்று தமிழ்நாட்டில் 4,000-க்கு மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன.

இந்த வரியின் அருமை, அது இல்லாத இடத்தில்தான் விளங்கும். 2001-ல் மதுரை ஜில்லா மேலூர் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கக் கலாசாலைகளும் சேர்ந்து இன்டர்நெட் நிலையங்களுக்கு ஏற்பாடு செய்தன. அவற்றுள் பெரும்பாலானவை தனியார் காசு வாங்கி நடத்த வேண்டியவை. வருமானம் கட்டவில்லை, சில வருஷங்களுக்குள் பல மூடப்பட்டன. காசை நம்பிய விளக்கு காசு தீர்ந்ததும் அணைந்தது.

புதுச்சேரியில் வேறொரு முறை கையாளப்பட்டது. 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தியது. இடத்தை ஊராரே கொடுக்க வேண்டும். ஜாதி பேதமின்றி யாவரும் உள்ளே வரலாம். நடத்துகிறவர்களும் உள்ளூர்த் தொண்டர்களே. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலைகளின் உயரத்தைப் பார்த்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்து வந்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நல்லவாடு என்னும் கிராமத்தில் அந்த ஒலிபெருக்கி பெரும் தொண்டு செய்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து போன் செய்ய, மையத்தின் ஒலிபெருக்கி அலற, ஜனங்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். யந்திரம் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? செய்தியைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்ல மனிதர்கள் இருந்தார்கள், அதுவே விசேஷம்.

இன்று ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் நிலையம் அலை, காற்று, மீன் கூடும் இடம் எல்லாவற்றையும் முன்கூட்டி அறிவிக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே வழங்குகின்றன. கடற்கரைச் சிற்றூரின் அலமாரியில் ஒருநாளும் இடம் பெறாத நூல்கள் அவை!

சென்னையில் 2010-லும் மதுரையில் 2023-லும் மாடி மாடியாகப் பெரிய நூலகங்கள் எழும்பின, மகிழ்ச்சிதான். ஆயினும் குலசேகரன்பட்டினத்துப் பெண் மனுப் போட மதுரைக்குப் போக முடியுமா? ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இரண்டு கம்ப்யூட்டர், ஓர் அச்சு யந்திரம், தடையில்லாத இணைப்பு, பள்ளி விட்ட பிறகும் திறந்திருக்கும் கதவு, கற்றுக் கொடுக்கப் பொறுமையுள்ள நூலகர்: இவ்வளவே நாம் கேட்பது. இவற்றுள் கடைசியாகச் சொன்னவர் இல்லாவிட்டால் மற்றவை தூசி படிந்த மேஜைச் சாமான்களாகிவிடும்.

நேயர்கள் தங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். நூலக வரியென்று அதில் கட்டிய தொகை நம்முடையது. பிறகு உள்ளூர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குச் சென்று, அந்தத் தொகைக்கு ஈடாக நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரிக்கட்டும்.