இறுவட்டும் திறவுகோலும்

ஒரு பொருளைப் பேணி வைத்தல் ஒன்று. பேணியதனை வேண்டும்பொழுது எடுத்துப் பயன்கொள்ளுதல் பிறிதொன்று. ஏட்டுச்சுவடி செல்லரியாது இருப்பினும், அதனைப் படிக்கவல்லார் இல்லையெனின் அது வெறும் ஓலைக்கட்டேயாம். டி.வி.டி. எனப்படும் இறுவட்டுக்கும் இவ்வுண்மை பொருந்தும். திருமணம், பரிசளிப்பு விழா, நாடகம், திரைப்படம் ஆகியன பதிந்த வட்டுக்கள் பல இல்லங்களின் அலுமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைக் காண விழைவோர், வட்டுச் செலுத்தி பொருந்திய பழைய மடிக்கணினியைத் தேடியெடுத்து, லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை அதில் நிறுவி, வட்டினை உள்ளிடுகின்றனர். கோப்புக்களின் பெயர்கள் திரையில் தோன்றுகின்றன, படமோ தோன்றுவதில்லை. கணினி பழுதாயிற்றெனக் கருதி அதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். படம் கண்ணுக்குப் புலனாகுமுன் மூன்று வாயில்களைக் கடத்தல் வேண்டும் என்பதனையும், அடைபட்ட வாயில் எதுவென்பதனையும் அறியின், அக்கணினியே பெரும்பாலும் போதியதாகும்.

முதலாவது ஒளிவாயில். வட்டின் குறுக்களவு 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதனுள்ளே நுண்குழிகள் சுருள்வடிவான தடத்தில் அமைந்துள்ளன. தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரம் 0.74 மைக்ரோமீற்றர். 650 நனோமீற்றர் அலைநீளமுடைய செந்நிற லேசர் ஒளி தெறிக்கும் வேறுபாட்டினையே கருவி எண்களாக உணர்கின்றது. ஒரு பக்கத்து ஒற்றைப் படையில் 4.7 ஜிகாபைற்று அளவான தரவு அடங்கும். செலுத்தியின் வில்லையில் தூசு படியினும், வட்டிற் கீறல் விழினும் ஒளி தடுமாறும். வீட்டுப் பதிகருவியிற் பதிந்த வட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. பதிவு முடிந்தபின் நிறைவாக்கல் என்னும் இறுதிச் செயல் செய்யப்படாவிடின், பிற கருவிகள் அதனைப் படிக்கமாட்டா.

இரண்டாவது பூட்டுவாயில். கடையில் விற்கப்படும் திரைப்பட வட்டுக்கள் பலவற்றில், சி.எஸ்.எஸ். என்னும் மறையீட்டு முறையால் தரவு உருமாற்றப்பட்டுள்ளது. அதன் திறவுகோல் 40 இருமவெண் இலக்க நீளமுடையது. உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே அத்திறவுகோல் வழங்கப்பட்டது. ஆதலின், வட்டினைப் பணங்கொடுத்து வாங்கியவரும் லினக்ஸ் கணினியில் அதனைக் காணமாட்டாதிருந்தனர். 1999ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு இளைஞரான யோன் லெக் யொஹான்சன், பெயர் வெளியிடாத பிறருடன் சேர்ந்து, அப்பூட்டினைத் திறக்கும் டி.சி.எஸ்.எஸ். என்னும் நிரலை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து நீதிமன்றமொன்று அந்நிரலைப் பரப்புதலைத் தடைசெய்தது. நோர்வேயிலோ அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 2003ஆம் ஆண்டு தை மாதம் விடுதலை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அவ்வாண்டு மார்கழியில் அத்தீர்ப்பே நிலைத்தது. முறைப்படி வாங்கிய வட்டினைத் தாம் விரும்பிய கருவியிற் காண்பது குற்றமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஒரே செயல் ஒரு நாட்டில் தடைக்கும் மற்றொரு நாட்டில் ஏற்புக்கும் உள்ளானமை கருதத்தக்கது.

மூன்றாவது சுருக்கவாயில். எம்பெக்-2 என்னும் முறையாற் படங்கள் சுருக்கப்பட்டே வட்டிற் பதியப்படுகின்றன. 720க்கு 576 புள்ளிகள் கொண்ட படங்களைச் செக்கனுக்கு 25 வீதம் சுருக்காது பதியின், 4.7 ஜிகாபைற்று ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆகவே, சில படங்களை முழுமையாகவும், ஏனையவற்றை அவற்றினின்றும் வேறுபடும் அளவிலும் பதிகின்றனர். மீள விரித்தற்கு விரிப்பான் என்னும் மென்பொருள் வேண்டும். அதற்குக் காப்புரிமைக் கட்டணம் இருந்தமையால், கட்டற்ற இயங்குதளங்கள் சில அதனைச் சேர்க்காதிருந்தன. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8ம் டி.வி.டி. காட்டும் ஆற்றலைத் தன் பொதுப் பதிப்பினின்றும் நீக்கியது. அமெரிக்காவில் அக்காப்புரிமைகள் 2018ஆம் ஆண்டில் முடிவெய்தின.

இம்மூன்றினையும் அறிந்தார்க்குப் பழுதினைத் தேர்ந்து தெளிதல் எளிது. கோப்புப் பெயர்களே தோன்றாவிடின் குறை ஒளிவாயிலில் உள்ளது. வில்லையையும் வட்டினையும் துடைத்து நோக்குக. வீட்டிற் பதிந்த வட்டு இயங்கி, விலைக்கு வாங்கிய வட்டு மாத்திரம் இயங்காவிடின் பூட்டே காரணமாகலாம். இரண்டும் இயங்காவிடின் விரிப்பான் இல்லையெனக் கொள்க. பாரிஸ் நகரத்துக் கல்லூரி மாணவர் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியிற் பிறந்த வி.எல்.சி. என்னும் கட்டற்ற மென்பொருள் தன் விரிப்பானைத் தானே கொண்டுள்ளது. அதனோடு லிப்-டி.வி.டி.-சி.எஸ்.எஸ். என்னும் நிரலகமும் சேரின் பூட்டும் திறக்கும். டெபியன், உபுண்டு ஆகிய தளங்களில் லிப்-டி.வி.டி.-பி.கே.ஜி. என்னும் பொதி அதனை நிறுவித் தரும். நிறுவியபின் அப்பொதியை மீள உருவமைக்கும் கட்டளையையும் இடுதல் வேண்டும். அவ்வந்நாட்டுச் சட்டத்தையும் முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று.

படம் தோன்றியும் விட்டுவிட்டு ஓடுமாயின் குறை வேகத்திலுள்ளது. நேரடி நினைவக அணுகல் என்னும் வசதி அணைந்திருப்பின், தரவு முழுவதையும் மையச் செயலியே சுமத்தல் வேண்டும். பழைய செயலி அச்சுமையைத் தாங்காது. அவ்வசதியை மீள இயக்கினாற் படம் சீராகும். உலகை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்து வட்டு மற்றொன்றில் ஓடாவாறு செய்யும் ஏற்பாடும் உண்டு. செலுத்தியின் வலய எண்ணை ஐந்து முறையே மாற்றலாம். ஐந்தாவதன்பின் அது நிலைத்துவிடும். ஆதலின் அதனை விளையாட்டாக மாற்றுதல் தகாது.

இத்தகைய முயற்சி ஒரு பொழுதுபோக்கு மாத்திரமன்று. வீட்டிற் பதியும் வட்டின் சாயப்படை காலப்போக்கில் மங்கும். புதிய மடிக்கணினிகளில் வட்டுச் செலுத்தி அரிதாயிற்று. மறைந்த பெரியோரின் குரலும் முகமும் அவ்வட்டொன்றிலேயே எஞ்சியிருத்தலும் கூடும். பழைய கணினி இயங்கும்பொழுதே சொந்தப் பதிவுகளை வேறு சேமிப்பகத்துக்குப் படியெடுத்தல் அறிவுடையார் செயலாம். திறவுகோல் பிறர் கையில் இருக்கும்வரை பெட்டகம் தமதெனக் கொள்ளுதல் அரைகுறை உடைமையே. கருவி இயங்கும் வகையைக் கற்றலே அத்திறவுகோலைத் தம் கையில் ஏற்கும் வழியாகும்.