சாவி திரும்ப மறுக்குதா? பழைய கார் கதவில் எண்ணெய் ஊத்தும் முன் இதைப் பாருங்க!

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாருதி 800-களில் அடிக்கடி வரும் தொல்லை இது. டிரைவர் பக்கக் கதவில் சாவி நுழையும், ஆனால் திரும்பாது. ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கக் கதவு வழியாக ஏறி நகர்ந்து உட்காருவார்கள். நாளடைவில் அதுவே பழகிவிடும்.

இந்த கார் 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயசுக்கு மேல் ஆகிவிட்டது. சென்ட்ரல் லாக் இல்லாத மாடல்களில் பூட்டு ரொம்ப எளிமையானது. சாவி போடும் சிலிண்டர், கதவுக்குள் ஓடும் கம்பி, கதவு ஓரத்தில் கொக்கி மாதிரி இருக்கும் லாட்ச், அவ்வளவுதான்.

சாவி திரும்பலைன்னா எரிச்சலோடு போய்விடும். உள்ளிருந்து கதவு திறக்கலைன்னா அப்படி இல்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 3 குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். வெயிலில் நிற்கும் கார் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிவிடும். லாக் கோளாறைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

பலரும் செய்யும் முதல் தப்பு, எங்கே சிக்குது என்று பார்க்காமலே எண்ணெய் ஊத்துவது. கதவைத் திறந்து வைத்து, உள்பக்க லாக்கை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். அது லேசாக நகர்ந்து, சாவி மட்டும் சிக்கினால் பிரச்சினை சிலிண்டரில் அல்லது சாவியில். அதே சாவி மற்ற கதவிலும் டிக்கியிலும் சுலபமாகத் திரும்பினால் சாவியைச் சந்தேகப்பட வேண்டாம். உள்பக்க லாக்கே கனமாக நகர்ந்தால் கம்பியோ லாட்ச்சோ இறுகியிருக்கிறது. திறந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, மூடினால் மட்டும் சிக்கினால்? கதவு தொங்கியிருக்கலாம். அதற்கு எண்ணெய் உதவாது, ஒர்க்‌ஷாப்பில் கீலையும் பில்லரில் இருக்கும் கொண்டியையும் சரிபார்க்க வேண்டும்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்கரையில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். உள்ளே தள்ளி வந்தால் செம்மண் புழுதி. இதோடு பழைய கிரீஸும் காய்ந்து பிசின் போல் ஆகிவிடும். இந்த நிலையில் தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், பிறகு புழுதியைப் பிடித்து இன்னும் மோசமாகும்.

சிலிண்டருக்கு முதலில் டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேயை லேசாக அடித்து, சாவியைப் பத்துப் பதினைந்து முறை போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியில் வரும் கறுப்பு அழுக்கைத் துணியால் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கிராஃபைட் தூள். ஈரத்தில் போட்டால் சேறாகிவிடும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் சாவி உள்ளேயே முறியும். தேய்ந்த சாவியை வைத்து டூப்ளிகேட் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே வரும், பீரோவில் தூங்கும் ஸ்பேர் சாவியைக் கொடுத்துப் போடுங்கள்.

லாட்ச்சைத் துடைத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவலாம். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளி, கைப்பிடியை இழுத்தால் டக்கென்று விடுபட வேண்டும். விடுபட்ட பிறகுதான் கதவைச் சாத்தணும். இல்லைன்னா கொக்கி கொண்டியில் மோதி வளையும்.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் மழைத்தண்ணி உள்ளே நின்று துரு வைக்கும்.

கடைசியாக, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து, லாக் போட்டு உள்ளிருந்தே திறந்து பாருங்கள். பின் கதவு மட்டும் திறக்கலைன்னா, கதவு ஓரத்தில் சைல்டு லாக் லிவர் இருக்கிறதா, அது யார் கையாவது பட்டு மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். சோதனை முடியும்வரை சாவி வெளியே நிற்பவர் கையில் இருக்கட்டும்.