போர்ச் சரித்திர நூல்களும் நமது தீவுகளும்

நெப்போலியன் உருசியப் பனியிற் பட்ட பாட்டையும், இற்லரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆண்டு தவறாது எடுத்துரைக்க வல்ல மாணவர் நம்மிடையே பலர் உளர். அவருள் ஒருவனை அழைத்து, "ஊர்காவற்றுறையிலே நிகழ்ந்த போர் ஒன்றைக் கூறுக" என்று வினவினால், அவன் வாளாவிருப்பான். இஃது அவன் குற்றமன்று. அவன் கைக்கு எட்டிய நூல்கள் ஒருவகையின. அவற்றை எங்ஙனம் வாசித்தல் வேண்டுமென நாம் அவனுக்குக் கற்பித்ததுமில்லை. பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கு வாசிக்கும் இம்மலரில், அவ்வாசிப்பு முறை பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

பொதுமக்களுக்கென எளிய நடையில் எழுதப்படும் சரித்திர நூல்களை இழிவாகக் கருதுதல் தகாது. முதலாம் உலகப் போரின் புண் ஆறுமுன்னரே, 1920ஆம் ஆண்டளவில், எச். ஜி. வெல்ஸ் உலக சரித்திரம் முழுவதையும் ஒரு நூலாக்கி எளிய வாசகருக்கு அளித்தார். ஜவகர்லால் நேரு 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து தம் மகளுக்கு வரைந்த கடிதங்களும் 1934இல் உலக சரித்திர நூலாயின. தமிழிலே இப்பணியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் வெ. சாமிநாத சர்மா (1895–1978) ஆவர். இற்லர், முசோலினி, கமால் அத்தாதுர்க் முதலியோரைப் பற்றியும், சீனம், கிரேக்கம் முதலிய நாடுகளைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள், ஆங்கிலம் அறியாத தமிழனுக்கும் உலகத்தின் கதவைத் திறந்துவிட்டன. இரங்கூனில் 'ஜோதி' என்னும் இதழை நடத்திய அவர், 1942இல் யப்பானியர் படையெடுப்பினால் பர்மாவை விட்டு இந்தியாவுக்கு நடந்தே திரும்ப நேர்ந்தது. போரைப் பற்றி எழுதியவரைப் போரே வீதியில் நிறுத்திற்று.

எனினும் இத்தகைய நூல்களுக்கு இயல்பானதொரு குறையுண்டு. கதை விரைந்து செல்லவேண்டுமாதலின், ஒரு தலைவன், ஓர் எதிரி, ஒரு முடிவு என அவை சுருங்கி விடுகின்றன. ஆகவே வாசகன் மூன்று வினாக்களை எப்பொழுதும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். இதனை எழுதியவர் யார், எங்கிருந்து எழுதினார்? எதிர்த்தரப்பினர் இதனை எவ்வாறு கூறினர்? இக்கதையில் யார் காணப்படவில்லை? இவ்வினாக்களின் பயனை அறிய நாம் பாரிசுக்கோ பேர்லினுக்கோ செல்லவேண்டியதில்லை. நமது தீவுகளே போதிய சான்றாகும்.

கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பொலனறுவையிலிருந்து ஆண்டவன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). மதுரை அரியணைக்காகப் பாண்டியர் இருவர் பொருத காலத்தில், ஒருவனுக்குத் துணையாக இலங்காபுரன் என்னும் தண்டநாயகனை அவன் கடல்கடந்து அனுப்பினான். சூளவம்சத்தை வாசிப்போருக்கு இப்போர் வெற்றிமேல் வெற்றியாகவே தோன்றும். தோல்வி பற்றிய சொல் அதிலில்லை. சோழ நாட்டுப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, இலங்காபுரன் தோற்று மாண்டான் என்றும், அவன் தலை மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டது என்றும் கூறுகின்றது. ஒரே போர்; இரண்டு சரித்திரங்கள்! ஒன்றை மட்டும் வாசித்தவன் பாதிச் சரித்திரத்தையே வாசித்தவனாவான்.

இப்போரின் தொடர்ச்சியில்தான் நமது துறைமுகம் வருகின்றது. இரண்டாம் இராசாதிராச சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் என்னும் இடங்களிற் படைதிரட்டி மரக்கலங்கள் கட்டுவித்தான் எனவும், அதனைத் தடுக்கச் சென்ற சோழர் தரப்புப் படை புலைச்சேரி, மாதோட்டம் முதலியவற்றை அழித்தது எனவும் அறிவிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. இன்று மீன்பிடி வள்ளங்களும் பாதைப்படகும் காணப்படும் அக்கரையில், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் போர்க்கலங்களுக்கு மரம் அறுத்த ஓசை எழுந்தது.

அதே பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. கலாநிதி கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். வெற்றிப் புகழை நாடி அதனை அணுகுவோன் ஏமாற்றமே அடைவான். அதிலிருப்பது வணிக நீதி. பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையிலேயே வந்திறங்குதல் வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையுமாயின், காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தாற் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் சேரும்.

இப்பங்கீட்டின் உட்பொருளைச் சிறிது சிந்திப்போம். யானையும் குதிரையும் போருக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டுவரும் வணிகன் அஞ்சி வேறு துறைக்குப் போய்விடாதிருக்கவே அரசன் தன் பங்கைக் குறைத்துக்கொண்டான். உடைந்த கப்பலின் சரக்கு கரையாண்டவனுக்கே உரியதென்பது அக்காலத்தில் உலகெங்கும் பரவிய வழக்கம். ஆந்திர நாட்டு மோட்டுப்பள்ளித் துறையிற் காகதிய கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவிலே அவ்வழக்கத்தைக் கைவிட்டு வணிகருக்கு அபய சாசனம் அளித்தான். இங்கிலாந்திலே 1275ஆம் ஆண்டுச் சட்டம், உடைந்த கலத்திலிருந்து ஒரு மனிதனோ, ஒரு நாயோ, ஒரு பூனையோ உயிர்தப்பினால், உடையவன் ஓராண்டும் ஒரு நாளும் கழியுமுன் தன் பொருளைக் கோரலாமென விதித்தது. இவ்விரண்டுக்கும் முன்னரே நயினாதீவுக் கல் நடப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். போர் எவ்வாறு முடிந்தது என்பதைப் புகழ்நூல்கள் கூறும். போருக்கு வேண்டிய பொருள் எத்துறை வழியாக, எந்நிபந்தனையோடு வந்தது என்பதை இத்தகைய கல்லே கூறும்.

இனி ஐந்நூறு ஆண்டு கடந்து வருவோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலினுள் நிற்கும் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர், யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றுமுன் இதனை முற்றுகையிட்டனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டையைப் பணியவைத்தது, அதனுள் குடிநீர் இல்லாமற் போனமையே. தீவகத்தில் நன்னீர்க் கிணற்றின் அருமையை அறிந்த எவருக்கும் இது வியப்பளியாது. ஒல்லாந்தர் இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடையிறைச்சிக்கு ஒப்பிட்டு, இக்கோட்டைக்கு அத்தொடையின் குதிகால் எனப் பொருள்படும் 'ஹம்மன்ஹீல்' என்னும் பெயரை இட்டனர். தீவுகளுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே சூட்டினர்: காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம். வென்றவன் இட்ட அப்பெயர்கள் ஏட்டோடு நின்றுவிட்டன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பதொன்றே ஆங்கில வழக்கில் எஞ்சியது. மக்கள் நாவினின்று பழைய பெயர்களை எந்தக் கோட்டையாலும் அகற்ற முடியவில்லை.

1658ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை நேரிற் கண்டெழுதிய பால்தேயு பாதிரியார் வென்ற ஒல்லாந்தரோடு வந்தவர். அவர் நூல் 1672இல் வெளிவந்தது. குவேறோஸ் பாதிரியாரோ தோற்ற போர்த்துக்கேயர் பக்கத்தவர். 1687இற் கோவையிலிருந்து எழுதியவர். இருவரையும் அருகருகே வைத்து வாசிப்பவன் பயன் பெறுவான். ஆயினும் முற்றுகைக் காலத்திலே நெடுந்தீவான் எதனை உண்டான், வேலணையான் எங்கே ஓடினான் என்பதனை அறிய அவ்விரு நூல்களும் போதா. யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றிய மயில்வாகனப் புலவர் நம்மவரேயெனினும், அவரும் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்படி அரசர் வரலாற்றையே எழுதினார். மூன்றாவது வினா இங்கேதான் நம்மை உறுத்துகின்றது.

அவ்வினா பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆகிய ஆண்டுகளிற் படையெடுப்புக்களால் தீவக மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு நீங்கினர். பலர் இன்னும் மீளவில்லை. இக்காலத்தைப் பற்றிச் சேனாதிபதிகளின் நூல்கள் வெளிவந்துள்ளன, இன்னும் வெளிவரும். அவற்றில் வெற்றியும் தோல்வியும் இருக்கும். பூட்டிய வீட்டின் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு படகேறிய கிழவி இருக்கமாட்டாள். அவளை எழுதவேண்டியவர் நாமே.

ஆதலின், அன்புள்ள மாணவரே, சர்மாவையும் நேருவையும் ஆவலோடு வாசியுங்கள். வாசித்தபின் அம்மூன்று வினாக்களையும் எழுப்புங்கள். விடுமுறையில் வீடு சென்றதும், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பாட்டனாரின் அருகில் அமர்ந்து, அவர் எவ்வாண்டில், எத்துறையில், எதனைச் சுமந்து படகேறினார் என்பதைக் கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். பழைய மாணவர்களாகிய நாம் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்ந்தாலும், நம் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் உறுதிகளையும் கடிதங்களையும் படங்களையும் பேணிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அவற்றின் பிரதிகளை அளிப்போமாக. நயினாதீவுக் கல் எண்ணூறு ஆண்டு நின்றமையாற்றான் ஊராத்துறையின் நீதி நமக்குத் தெரிந்தது. நம் காலத்துக்கும் அத்தகைய கல்லொன்று வேண்டும். அது தாளாகவே இருப்பினும் அமையும்.