எந்திரங்களோடு பேசுதல் – 9: இரண்டு குழு, ஒரு பெட்டி

போன வாரம், பல எந்திரங்களை ஓரிடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் மென்பொருளுக்கு இன்வெண்டரி, அதாவது எந்திரப் பட்டியல், எழுதினோம். எந்த எந்திரம் எந்தக் குழுவில் என்று பிரித்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளவும்.

இந்த வாரம் கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் ‘வால்ட்’ பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் வேறொரு கேள்வி குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே எந்திரம் இரண்டு குழுக்களில் இருக்கிறது. ஒரே மாறிக்கு இரண்டு குழுவும் வெவ்வேறு மதிப்பு சொல்கின்றன. எது செல்லும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழையளக்கும் சின்னப் பெட்டிகள் சில இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ராஸ்பெரி பை கணினி. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளவை அனுப்ப வேண்டும் என்பது ஒரு மாறி. மரக்காணம் குழுவுக்கு 10 நிமிடம். பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கும்போது எதிர்பாராத மழை விழுந்தால் கரைந்து போகும், அங்கே அவசரம் உண்டு. புதுச்சேரி குழுவுக்கு 30 நிமிடம் போதும். இப்போது கீழ்புத்துப்பட்டில் ஒரு பெட்டி. ஊர் மரக்காணம் பக்கத்தது, ஆகவே அந்தக் குழுவில் இருக்கிறது. பழுது பார்க்கும் ஆள் புதுச்சேரியிலிருந்து வருகிறார், ஆகவே புதுச்சேரி குழுவிலும் இருக்கிறது.

இது வலிந்து பிடித்த உதாரணம் என்று நினைப்பவர்கள் அந்தச் சாலையில் ஒருமுறை பேருந்தில் போய்ப் பார்க்கலாம். மரக்காணத்திலிருந்து தெற்கே வந்தால் அனுமந்தை, கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு வரை விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்துவிடுவீர்கள். காலாப்பட்டும் அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகமும் யூனியன் பிரதேசம். ‘சரி, புதுச்சேரி வந்துவிட்டது’ என்று பையைத் தூக்கினால் பொம்மையார்பாளையத்தில் மறுபடி தமிழ்நாடு. பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு. அப்புறம்தான் முத்தியால்பேட்டை, மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்த நிலம். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகமும் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு வந்தபோது, துண்டுகள் துண்டுகளாகவே வந்து சேர்ந்தன.

இந்தத் துண்டுகளை யார் எந்தக் குழுவில் சேர்க்கிறார்கள் என்று பார்க்கப் போனதில், இந்த வாரம் என்னைப் பிடித்து ஆட்டியது அஞ்சல் குறியீடு. 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்க எண்ணை நாம் ஒரே எண்ணாகப் படிக்கிறோம். உண்மையில் அது குழுவுக்குள் குழு. முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. அடுத்தது துணை மண்டலம். மூன்றாவதும் சேர்ந்தால் கடிதங்களைப் பிரிக்கும் அஞ்சல் மாவட்டம். கடைசி மூன்றும் அந்தந்த அஞ்சலகத்துக்கு. புதுச்சேரி 605001. விழுப்புரம் 605602. ஒன்று யூனியன் பிரதேசத்தின் தலைநகர், மற்றொன்று தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகர். அஞ்சல்காரருக்கு இரண்டும் 605. அதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமோ 604303. ஆரோவில்லை எடுத்துக்கொள்ளுங்கள்: நிலத்தின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், குறியீடு 605101, தொலைபேசிக்குப் புதுச்சேரியின் 0413. அரசு ஒரு குழு போட்டது, அஞ்சல் துறை வேறு குழு போட்டது, தொலைபேசித் துறை தன் வசதிக்கு இன்னொன்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேருகிறது. ஏன்? கடைசி மூன்று இலக்கம் குறிப்பிட்ட ஓர் அஞ்சலகத்தைச் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் விவாதம் கிடையாது.

பெட்டிக்கு வருவோம். 10 நிமிடமா, 30 நிமிடமா? ஆன்சிபிள் தரும் விடை 30. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரே மட்டத்தில் இருக்கும் குழுக்களை அது ஆங்கில அகரவரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. கடைசியாக வந்தது முன்னதை அழித்து எழுதும். மரக்காணத்தின் ‘எம்’ முன்னால், புதுச்சேரியின் ‘பி’ பின்னால். அவ்வளவுதான். அவசரம், மழை, உப்பு எதுவும் கணக்கில் இல்லை. மரக்காணம் குழுவின் பெயரை மட்டும் ‘உப்பளம்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘யூ’ எழுத்து ‘பி’க்குப் பின்னால் வருவதால் பெட்டி 10 நிமிடத்துக்குத் தாவிவிடும். ஒரு மதிப்பையும் தொடாமல், பெயரை மாற்றியதற்கே நடத்தை மாறுகிறது. இப்படியொரு விதியை நம்பி யாரும் குடித்தனம் நடத்தக் கூடாது என்பது என் கட்சி.

தப்பிக்க வழிகள் உண்டு. ஒரு குழுவை இன்னொன்றின் பிள்ளையாக்கலாம். பிள்ளைக் குழு சொல்வது தாய்க் குழு சொல்வதை மீறும். எல்லா எந்திரங்களும் தாமாகவே அடங்கும் ‘ஆல்’ குழுவின் சொல், குழுக்களிலேயே பலம் குறைந்தது. அல்லது ‘ஆன்சிபிள்_குரூப்_பிரையாரிட்டி’ என்ற மாறியால் குழுவுக்கு முன்னுரிமை எண் தரலாம். பேசாமல் விட்டால் எல்லோருக்கும் 1, பெரிய எண்ணே ஜெயிக்கும். அதை இன்வெண்டரியிலேயே எழுத வேண்டும். குழுக்களின் மாறிகளை வைக்கும் ‘குரூப்_வார்ஸ்’ அடைவில் எழுதினால் எடுபடாது. அந்த அடைவை எந்த வரிசையில் ஏற்றுவது என்று முடிவு செய்யவே அந்த எண் தேவைப்படுகிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, அஞ்சல்காரர் வழி. இன்வெண்டரிக்குப் பக்கத்தில் ‘ஹோஸ்ட்_வார்ஸ்’ என்று ஓர் அடைவு. அதற்குள் அந்த எந்திரத்தின் பெயரில் ஒரு யாமல் கோப்பு. அதில் ஒரே வரி, இடைவெளி 10 என்று. எந்திரத்தின் சொந்தக் கோப்பு எல்லாக் குழுக்களையும் மீறும். அகரவரிசைக்கு அங்கே வேலையில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படிக் கோப்பு எழுத ஆரம்பித்தால் குழு எதற்கு? பொதுவானது குழுவில், அந்த ஒன்றுக்கு மட்டுமே உரியது ‘ஹோஸ்ட்_வார்ஸ்’ அடைவில். கோப்புகள் பெருகினால் குழுக்களைத் தப்பாகப் பிரித்திருக்கிறீர்கள் என்று கொள்ளவும்.

கோப்பின் பெயரும் இன்வெண்டரியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கீழ்புத்துப்பட்டை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ‘கீழ்’ என்பதற்கு ஒருவர் இரண்டு ‘ஈ’ போடுவார், ஒருவர் ஒற்றை ‘ஐ’யோடு நிறுத்துவார், ‘ழ்’ ஒருவருக்கு ‘இசட்-எச்’, மற்றவருக்கு வெறும் ‘எல்’. இன்வெண்டரியில் ஒரு விதமாகவும் கோப்பில் வேறு விதமாகவும் எழுதிவிட்டால் ஆன்சிபிள் பிழை என்று கத்தாது. அந்தக் கோப்பைத் திறக்காமலே வேலையை முடித்து, எல்லாம் பச்சை என்று காட்டும்.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். மதிப்பைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம். மாறியின் பெயரை எழுத முடியாது. 2008-இல் வந்த பைத்தான் 3 தமிழில் மாறிப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. அதே பைத்தானில் எழுதப்பட்ட ஆன்சிபிள், பழைய பைத்தான் 2-ஓடு ஒத்துப்போவதற்காக ஆஸ்கி எழுத்து அல்லாத பெயரை ஏற்க மறுக்கிறது. ஆன்சிபிளை மைக்கேல் டிஹான் வெளியிட்டது 2012-இல்.

சொந்தக் கோப்பு எழுதிய பிறகும் பெட்டி 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசுகிறதா? செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் பிளேபுக்கைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள பிளேயின் தலையிலேயே ‘வார்ஸ்’ என்று போட்டு யாராவது அதே மாறியை எழுதியிருப்பார்கள். அது ‘ஹோஸ்ட்_வார்ஸ்’ கோப்பை மீறும். புதிதாக வருபவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஆன்சிபிள் ஆவணத்தில் இந்த முன்னுரிமை வரிசை 22 படிகளாக இருக்கிறது. மனப்பாடம் செய்வது வீண். ரோல், அதாவது திரும்பப் பயன்படுத்தும் வேலைத் தொகுப்பு, எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ரோலின் ‘டீஃபால்ட்ஸ்’ அடைவில் வைத்த மதிப்பை எவரும் மாற்றலாம். ரோலின் ‘வார்ஸ்’ அடைவில் வைத்தால் எந்திரத்தின் சொந்தக் கோப்பால்கூட அசைக்க முடியாது. அடுத்தவர் மாற்ற வேண்டியதைக் கொண்டுபோய் ‘வார்ஸ்’ அடைவில் பூட்டிவைக்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. உச்சிப் படியில் கட்டளை வரியின் ‘-ஈ’. அங்கே தட்டியது எல்லாவற்றையும் மீறும், ஆனால் அந்த ஓட்டத்துக்கு மட்டும். மறுநாள் வேறொருவர் ஓட்டினால் பழைய மதிப்பே திரும்பும்.

ஊகிப்பதைவிடக் கேட்டுவிடலாம். ‘ஆன்சிபிள்-இன்வெண்டரி’ கட்டளையோடு ‘--ஹோஸ்ட்’ சேர்த்து எந்திரத்தின் பெயரைக் கொடுத்தால், குழுக்களும் சொந்தக் கோப்பும் கலந்து கடைசியில் அதற்கு என்ன கிடைத்தது என்று காட்டும். பிளேயும் ரோலும் சொல்வது அதில் வராது. அதற்கு பிளேபுக்குக்குள் ‘டீபக்’ போட்டு அச்சிட வேண்டும். தனியாக உட்கார்ந்து முழிப்பதாக எழுதிய விழுப்புரம் மாவட்ட வாசகர்களுக்கு: உங்கள் ஊரிலேயே க்னு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்கள். போய்க் கேளுங்கள்.

வால்ட் அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை: இரண்டு குழுக்களில் இருக்கும் எந்திரம் ஒன்றை உங்கள் இன்வெண்டரியில் தேடி, என்ன மதிப்பு வரும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு ‘--ஹோஸ்ட்’ போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாதவர்கள் எனக்கு எழுதவும். கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.