எத்தனை கிலோ தாங்கும்? பில்லில் எழுதி வாங்குங்கள்

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை வாட்ஸ், எத்தனை சேனல் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். அதை வைக்கப்போகும் யூனிட்டை வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்த்ததோடு சரி. ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று கடைக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. நாளைக்குப் பொருள் உடைந்து புகார் என்று போனால், உங்கள் கையில் இருக்கவேண்டிய முதல் ஆதாரமும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் எடையைப் பார்ப்போம். நடுத்தர விலை ஏவி ரிசீவர் ஒன்று 10 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி டர்ன்டேபிள் 18 கிலோ. மெக்கின்டாஷ் எம்சி275 போன்ற வால்வு ஆம்ப்ளிஃபயர் 30 கிலோவைத் தொடும். நூறு எல்பி இசைத்தட்டுகளை உறையோடு அடுக்கினால் 20 கிலோவுக்கு மேல் வரும். ஆம்ப்ளிஃபயரின் பாரம் பெட்டி முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கால்கள்தான் பலகையை அழுத்தும்.

இந்தப் பாரத்தைச் சுமக்கவேண்டிய ரெடிமேட் டிவி யூனிட்களில் பல பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. மரத்தூளையும் சீவலையும் பசை சேர்த்து அழுத்தி, மேலே லேமினேட் ஒட்டிய பலகை அது. புத்தகமும் பொம்மையும் வைக்கத் தாராளமாகப் போதும். ஆனால் ஒரே இடத்தில் கனமான பொருள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும். பாரத்தை எடுத்த பிறகும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதை இன்னும் பலவீனமாக்கும்.

தொய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. பலகையின் நடுவில் ஒரு பாரம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பக்கத் தாங்கல்களுக்கு இடையிலுள்ள தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். 45 செ.மீ. தட்டில் கண்ணுக்கே தெரியாத வளைவு, 90 செ.மீ. தட்டில் பட்டவர்த்தனமாகத் தெரிவது இதனால்தான். பலகையின் தடிமனைக் கூட்டினால் எதிர்ப்பக்கமாக இதே கணக்கு வேலை செய்யும்: 18 மி.மீ. பலகைக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் தொய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீளமான தட்டின் நடுவே கீழிருந்து ஒரு பார்ட்டிஷன் கொடுத்துவிட்டால் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்தது. புது யூனிட் வாங்க வேண்டியதில்லை, ஆசாரிக்கு அரை நாள் வேலை.

உங்கள் வீட்டு யூனிட்டை இன்றைக்கே சோதித்துவிடலாம். தட்டின் முன்விளிம்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி தெரிந்தால் பலகை தொய்ந்திருக்கிறது. பிறகு பக்கப் பலகையோடு தட்டு சேரும் மூலையை டார்ச் அடித்துப் பாருங்கள். பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸ் திருகு மாட்டிய துளையைச் சுற்றி லேமினேட் விரிந்திருக்கிறதா, கீழே மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா? மரம் துளைக்கும் பூச்சியாக இருக்கலாம். இல்லையென்றால் திருகு தன் பிடியை அரைத்துக்கொண்டிருக்கிறது. எதுவானாலும் அன்றே ஆம்ப்ளிஃபயரைக் கீழே இறக்கிவிடுங்கள்.

பலரும் செய்கிற ஒரு காரியத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வயர் போகவும் காற்று வரவும் யூனிட்டின் பின்பலகையைப் பெரிதாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த மெல்லிய பலகை அழகுக்கு வைத்ததல்ல. யூனிட் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துவைத்திருப்பதே அதுதான். உள்பெட்டியை உருவிய தீப்பெட்டி உறையை விரலால் தள்ளினால் எப்படிச் சாய்கிறதோ, பின்பலகை இல்லாத யூனிட்டும் அப்படித்தான் சாயும். வயருக்குச் சிறு வட்டத் துளை போதும். ஆம்ப்ளிஃபயருக்குக் காற்று வேண்டுமென்றால் மேலே ஒரு சாண் இடம் விட்டு, முன்கதவைக் கழற்றிவிடுவது நல்லது.

சாய்ந்து விழும் அலமாரி எத்தனை ஆபத்தானது என்பதை அமெரிக்கா குழந்தைகளைப் பறிகொடுத்துத்தான் கற்றது. 2016-இல் ஐகியா நிறுவனம் மால்ம் வகை உட்பட சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளை அங்கே திரும்பப் பெற வேண்டி வந்தது. துணி வைக்கும் அலமாரிகள் எளிதில் சாயாதபடி இருக்க வேண்டும் என்று 2022-இல் அங்கே சட்டமே வந்தது. நம் வீடுகளில் இழுப்பறையுள்ள உயரமான யூனிட்டின் உச்சியில் ஸ்பீக்கரை ஏற்றி வைக்கிறோம். குழந்தை இழுப்பறையை இழுத்து அதில் கால் வைத்தால் மொத்தமும் முன்னோக்கி வரும். கனமானது எப்போதும் அடித்தட்டில் இருக்க வேண்டும். உயரமான யூனிட்டைச் சுவரோடு பிணைக்க வேண்டும்.

சுவரிலும் கவனம் தேவை. திருகு பூச்சோடு நின்றுவிட்டால் பிடிக்காது, செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். புது அடுக்குமாடிகளில் ஏஏசி பிளாக் சுவர் இருந்தால் சாதாரண ரவால் பிளக் பிடித்து நிற்காது. அதற்கென்றே உள்ள ஆங்கரைக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் உரிமையாளரிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி ஒப்புதல் வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கிற தகராறு வராது.

எதில் வைக்கலாம்? என்னைக் கேட்டால், பழைய வீடுகளில் மூன்று பக்கமும் சுவருக்குள் பதித்த கடப்பா கல் தட்டுக்கு ஈடில்லை. அது அமையாதவர்களுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் ராக் இருக்கிறது. மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டால் வரவேற்பறைக்கும் பொருந்தும். ஆசாரியை வைத்துச் செய்தால் ஐஎஸ் 303 முத்திரையுள்ள பிடபிள்யூஆர் பிளைவுட், அல்லது ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் கேளுங்கள். முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்கும், அறுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழத்தை அளக்கும்போது பின்னால் வயர் வளைய நான்கு விரற்கடையாவது கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 40 செ.மீ. ஆழமுள்ள யூனிட்டில் ஆம்ப்ளிஃபயரின் முன்கால்கள் விளிம்பில் தொங்குவதற்குக் காரணம் இந்த அளவை மறப்பதுதான்.

இனி உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயத்தின்படி, உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை ஆகியவற்றோடு, சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவில் தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. விற்பவர் தானாகவே ஓர் உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால் அவரும் பொறுப்பு. அதனால்தான் ‘ஒரு தட்டு 40 கிலோ தாங்கும்’ என்ற ஒரு வரியைப் பில்லில் எழுதி வாங்கச் சொல்கிறேன். “ஹெவி டியூட்டி சார், கவலையே வேண்டாம்” என்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். எழுதித் தர மறுக்கிறாரா, வேறு கடை பாருங்கள். எழுதிய எடைக்கு மேல் நீங்கள் ஏற்றினாலோ, பொருளை வெட்டி மாற்றியிருந்தாலோ, விற்றவர் அதைக் காட்டித் தப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. வெட்டிய பின்பலகை இங்கேயும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பில் தராமல் இருப்பதே இச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வாசகத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கூலி பேசி ஆசாரி செய்து கொடுத்த வேலையும் சேவைதான், அதில் குறை இருந்தாலும் புகார் செய்யலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அங்கே முடியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம், இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் பதியலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பில், தயாரிப்பாளர் தந்த கையேடு, விழுந்தது விழுந்தபடி எடுத்த படங்கள் எல்லாம் தேவைப்படும். விழுந்து உடைந்த ஆம்ப்ளிஃபயரின் ரிப்பேர் மதிப்பீட்டையும் இணைத்துக் கேளுங்கள், அது யூனிட்டைத் தவிர்த்த வேறு சொத்துக்கு நேர்ந்த சேதம் என்ற கணக்கில் வரும். உடைந்த பலகையை மட்டும் அவசரப்பட்டுத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். குறையைக் கண்டறியச் சோதனை தேவை என்று தோன்றினால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்.