இரண்டு சுரத்தில் ஒரு சோலோ

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் இசைக்குழு 2012 மே மாதம் நடத்திய கச்சேரியில் காலம் தலைகீழாக ஓடியது. முதலில் மேடையேறியது அன்றைய குழு. அவர்கள் முடித்ததும், 1970களின் கடைசியில் ஊரையே ஆட்டிவைத்த பழைய குழு. கடைசியாக வந்தவர் ஹோவர்ட் டிவோட்டோ. 1977 தொடக்கத்தில், ஒரே ஒரு சிறிய ரெக்கார்ட் வெளியான கையோடு, குழுவை விட்டுப் போன முதல் பாடகர். அறுபது வயது மனிதர், இருபத்து நாலு வயதில் தான் பாடிய நான்கு பாட்டுகளைப் பாட வந்திருந்தார். அந்த ரெக்கார்டில் நான்கும் சேர்ந்தே பத்து நிமிடம்தான் வரும்.

என்னை அழைத்துப் போனவர் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு சீனியர். இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி, "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டேன், இந்த ஜென்மத்துக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டாராம். எனக்கு அந்தக் குழுவின் பாட்டு இரண்டோ மூன்றோதான் தெரியும். வயசானவர்கள் சின்ன வயசுப் பாட்டைப் பாடும் நிகழ்ச்சிகள் மீது எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் 1996-ல் மறுபடி சேர்ந்தபோது, அந்தச் சுற்றுப்பயணத்துக்கே பாழாய்ப்போன பணம் என்ற அர்த்தத்தில்தான் பெயர் வைத்தார்கள். அந்த நேர்மையாவது இருந்தால் சரி என்ற மனநிலையில்தான் போனேன்.

இடம் அப்போலோ. 1938-ல் சினிமா தியேட்டராகக் கட்டியது. சுமார் 3,500 பேர் கொள்ளும். அன்று கீழ்த்தளத்தில் நாற்காலி இல்லை, தரை மேடையை நோக்கிச் சரிந்திருக்கும். பின்னால் நிற்பவருக்கும் மேடை தெரியும் என்பது நல்ல விஷயம். இரண்டு மணி நேரம் சரிவில் நின்றால் முழங்கால் தன் வயதைச் சொல்லிவிடும் என்பது அவ்வளவு நல்ல விஷயமில்லை. சுற்றிலும் ஐம்பது தாண்டிய ஆண்கள், நரைத்த முடியும் வழுக்கையுமாக. டி-சர்ட் கடையில் பெரிய சைஸ் எல்லாம் முதலிலேயே தீர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் விளக்கு அணைந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கவனமாக அதன் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார். பிறகு குதிக்க ஆரம்பித்தார்.

பஸ்காக்ஸ் வாசித்த பங்க் இசை பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1976 பிரிட்டனுக்கு மோசமான வருடம். வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். சர்வதேச நிதியத்திடம் அரசாங்கமே கடனுக்கு நின்றது. அதே சமயம் ராக் இசை பெரும் செல்வந்தர் வீட்டு விவகாரமாகியிருந்தது. ஒரு பாட்டே ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். மேடையில் கீபோர்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். வாசிக்க வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். இதெல்லாம் எதுவும் வேண்டாம், கிட்டாரில் மூன்று கார்டு தெரிந்தால் மேடையேறலாம் என்று சில பையன்களும் பெண்களும் முடிவு செய்தார்கள். பாட்டு இரண்டரை நிமிடம். வேகம். கோபம். கிண்டல். கோபத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கிண்டலைத்தான் அவ்வளவாகச் சொல்வதில்லை. பஸ்காக்ஸ் அதில்தான் கெட்டி.

ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் போல்ட்டன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். 1976 பிப்ரவரியில் பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி ஒரு விமர்சனம் படித்துவிட்டு, கார் இரவல் வாங்கித் தெற்கே போய் அவர்களைப் பார்த்தார்கள். திரும்பி வந்து அதே குழுவை மான்செஸ்டருக்கு வரவழைத்தார்கள். ஜூன் 4, லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால், டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் போல. அந்த நாற்பதில் பிற்பாடு ஜாய் டிவிஷன் என்ற குழுவாகப் போகிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். பிற்பாடு பெயர் பெற்ற பாடகர் மொரிஸ்ஸியும் இருந்தார். இன்று மான்செஸ்டரில் அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் தானும் அங்கே இருந்ததாகச் சொல்வார். என் சீனியர் இல்லை என்று ஒத்துக்கொண்டார். அதனாலேயே மற்றவற்றில் அவரை நம்புகிறேன்.

அன்று வாசலில் வேறு யாரையோ சந்திக்க நின்றுகொண்டிருந்த ஸ்டீவ் டிகிள் என்ற இளைஞனை, 'ஓ, நீதான் அந்த பேஸ் வாசிக்கிற ஆளா' என்று தப்பாக நினைத்து, பிஸ்டல்ஸ் மேனேஜர் மால்கம் மக்லாரன் உள்ளே அழைத்துப் போய் ஷெல்லியிடம் அறிமுகம் செய்துவைத்தார். தேடி வந்த ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆளோடு குழு அமைந்துவிட்டது. டிரம்ஸுக்கு ஜான் மேஹர், வயது பதினாறு, டிரம்ஸ் கைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஜூலை 20 அன்று அதே ஹாலில் பிஸ்டல்ஸுக்கு முன்னால் வாசித்தார்கள்.

அந்த வருடம் டிசம்பர் 28-ம் தேதி ஒரு ஸ்டுடியோவில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. எந்தக் கம்பெனியிடமும் போகவில்லை. ஷெல்லியின் அப்பாவிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம் பிரதி. கேட்டுக் கேட்டு அடித்ததில் 16,000 வரை போனது. அட்டைப்படம் போலராய்டு கேமராவில் மேனேஜர் ரிச்சர்ட் பூன் எடுத்தது. பின்னட்டையில், எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், அதன்மேல் தனியாக எதையாவது சேர்த்துப் பதிந்தோமா இல்லையா என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள். படிப்பவருக்கு அது ஒரு செய்முறைக் குறிப்பு: இவ்வளவுதான் வேலை, நீயும் செய். பெரிய கம்பெனிகள் லண்டனில் உட்கார்ந்துதான் ரெக்கார்ட் போட முடியும் என்ற நினைப்பு அதோடு உடைந்தது. அடுத்த சில வருடங்களில் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன லேபிள்கள் முளைத்தன.

அந்த நான்கில் ஒன்று 'போர்டம்'. நடுவில் ஒரு கிட்டார் சோலோ வரும். மொத்தம் இரண்டே சுரம், மாறி மாறி, அறுபது தடவைக்கு மேல். சரளி வரிசை தொடங்கிய குழந்தைகூட முதல் நாளில் அதைவிட அதிக சுரம் பாடிவிடும். நாற்பது கார்டு காட்டிக் கைதட்டு வாங்கும் கிட்டார் மேதைகளைப் பார்த்துச் சிரிக்கும் சோலோ அது. சலிப்பைப் பற்றிய பாட்டில் வேறு எப்படி சோலோ வாசிப்பது? டிவோட்டோவுக்கும் பங்க் சீக்கிரமே சலித்துவிட்டது. ரெக்கார்ட் வந்த சில வாரங்களில் விலகி, மேகஸீன் என்று வேறு குழு தொடங்கிவிட்டார்.

பிறகு பாடும் வேலை ஷெல்லிக்கு வந்தது. காதலிக்கக் கூடாத ஆளைக் காதலித்துத் தொலைப்பதைப் பற்றி 1978-ல் வந்த 'எவர் ஃபாலன் இன் லவ்' பிரிட்டன் பட்டியலில் 12-ம் இடம் பிடித்தது. ஷெல்லி ஆண்களையும் பெண்களையும் காதலித்தவர். தன் பாட்டுகளில் அவன், அவள் என்று வராமல் பார்த்துக்கொண்டார். அப்போலோவில் அந்தப் பாட்டு வந்தபோது ஷெல்லி பாடவே தேவைப்படவில்லை, கீழ்த்தளம் முழுக்கப் பாடியது. ஐம்பத்தேழு வயதில் அவர் உடம்பு பெருத்து, தாடி வைத்து, பழைய படங்களில் இருக்கும் ஒல்லிப் பையனின் சாயலே இல்லாமல் இருந்தார். குரல் மட்டும் கொஞ்சம் மூக்கால் இழுத்து, குறைப்பட்டுக்கொள்ளும் அதே குரல்.

எனக்கு அன்றைய ஆச்சரியம் ஷெல்லியும் இல்லை, டிவோட்டோவும் இல்லை. ஜான் மேஹர்.

குழு 1981-ல் கலைந்தபோது மேஹருக்கு இருபதை ஒட்டிய வயது. பிறகு அவர் போனது கார் எஞ்சின் பக்கம். காற்றால் குளிரும் பழைய வோக்ஸ்வேகன் எஞ்சின்களைப் பிரித்து, டிராக் ரேஸுக்குத் தகுந்தபடி மாற்றிக் கட்டுவதில் பெயர் பெற்றார். ஸ்காட்லாந்தின் மேற்கே ஹாரிஸ் தீவில் குடியேறி, அங்கேயே பட்டறை வைத்தார். ஆளில்லாமல் கைவிடப்பட்ட தீவு வீடுகளைப் புகைப்படமும் எடுத்தார். டிரம்ஸ் அவருக்குத் தொழிலாக இருந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அன்று அவர் டிரம்ஸ் முன் உட்கார்ந்ததும் மேடையின் சத்தமே மாறியது. அதுவரை வாசித்தவர் நல்ல டிரம்மர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேஹர் வாசிப்பில் தாளம் முன்னால் சாய்ந்தே ஓடியது. எப்போது வேண்டுமானாலும் தடுக்கி விழும் போலிருக்கும், விழாது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் அவர் கை இரண்டும் டிரம்களின் மேல் ஒரு சுற்றுப் போய்வந்துவிடும். முகத்தில் சலனமே இல்லை. ரிப்பேர் செய்த எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கும் மெக்கானிக்கின் முகம். அந்தப் பாட்டுகளைக் காதல் பாட்டு, கிண்டல் பாட்டு என்றே கேட்டு வந்த எனக்கு, அவற்றை ஓட்டியது இந்த ஆள்தான் என்று அன்றுதான் புரிந்தது.

டிவோட்டோ வந்தபோது கூட்டம் எழுப்பிய சத்தத்தில் முதல் பாட்டின் தொடக்கம் எனக்குக் கேட்கவே இல்லை. பின்னே, முப்பத்தைந்து வருடக் காத்திருப்பு. எனக்குப் பிடித்தது அந்த வரிசைதான். பழைய குழுக்கள் மறுபடி சேரும்போது, வயதே ஆகவில்லை என்று நம்பவைக்கப் பாடுபடுவார்கள். இங்கே மணி ஆக ஆக ஆட்கள் பழையவர்கள் ஆனார்கள், பாட்டுகள் இன்னும் சின்னதாக, இன்னும் கச்சாவாக ஆகின. திறமை குறைந்துகொண்டே போகும் ஒரு கச்சேரி! வயது கண்ணுக்கு நேராக நின்றது, யாரும் அதை மூடி மறைக்கவில்லை. 'போர்டம்' சோலோவை ஷெல்லி அன்றும் அதே இரண்டு சுரத்தில்தான் வாசித்தார். இடைப்பட்ட வருடங்களில் எவ்வளவோ கற்றிருந்தவர், ஒரு மூன்றாவது சுரத்தைக்கூடச் சேர்க்கவில்லை. பக்கத்தில் என் சீனியர் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார், பாதியில் கணக்கு விட்டுப்போய்ச் சிரித்துவிட்டார்.

ஷெல்லி 2018 டிசம்பர் 6 அன்று எஸ்டோனியாவின் டாலின் நகரில் மாரடைப்பால் இறந்தார், வயது 63. டிகிள் குழுவை விடவில்லை. ஷெல்லி பாடியதையும் சேர்த்து இப்போது அவரே பாடுகிறார், 2022-ல் புது ஆல்பமும் வந்தது. என் சீனியர் ஓய்வு பெற்றுவிட்டார், பஸ்காக்ஸ் பக்கத்தில் எங்கே வந்தாலும் போகிறார். "ஷெல்லி பாடாத அந்தப் பாட்டுகளை நான் எதுக்குக் கேட்கணும்?" என்றேன் ஒரு தடவை. "டிவோட்டோ போனப்பவும் இதையேதான் சொன்னாங்க. ஷெல்லி பாடினார், கேட்டோம்ல?" என்றார். எனக்கு அந்த வாதம் ஒத்துக்கொள்ளவில்லை. டிவோட்டோ தானாகப் போனவர், கூப்பிட்டால் வரக்கூடியவர், வந்தும் காட்டினார். என் சீனியரோ டிக்கெட் எடுக்கும்போது எனக்கும் சேர்த்தே கேட்கிறார்.